பலகையில் வைத்த கை

முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற மறு வருடம், சேலத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்து அறிவியலையும், அந்தக் காலத்தில் நடந்த உலகக் கண்காட்சிகளையும் பற்றி ஒரு கண்காட்சி அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. காப்பி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டேன். வகுப்பறை இல்லாமல் போன அந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய கிடங்கைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். மூன்று அறைகள். முதல் அறையில் கல்லும் மண்ணும் என்று முடிவு செய்தேன். கஞ்சமலை இரும்புக்கல், ஊருக்கு வடக்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், எந்த மலையில் என்ன கிடைக்கும் என்று தேடிக் குறித்துக்கொண்டு போன துரைமார்களின் வரைபடங்கள். இரண்டாவது அறையில் கப்பலேறிப் போன பொருள்கள். நம் பக்கத்து நெசவுத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய மாதிரிப் புத்தகங்களின் நகல்கள், லண்டனிலும் பாரிசிலும் கட்டிய பெரிய கண்காட்சிக் கூடங்களின் படங்கள். மூன்றாவது அறை மனிதர்களுக்கு. அந்தக் கண்காட்சிகளில் துணியையும் கல்லையும் வைத்ததுபோலவே மனிதர்களையும் கொண்டுபோய் வைத்தார்கள். போகாதவர்களை இங்கேயே நிற்கவைத்து மூக்கையும் மண்டையையும் அளந்து, படம் எடுத்து அனுப்பினார்கள். 'அளந்தவர்களும் அளக்கப்பட்டவர்களும்' என்று தலைப்பு வைத்தேன்.

முதல் கூட்டத்தில் நான் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "இந்தப் படங்கள் ஒன்றிலும் மனிதனின் பெயர் கிடையாது. மூக்கின் நீளம் இருக்கிறது, பெயர் இல்லை. அதைத்தான் நாம் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும்" என்றேன். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டவும் செய்தார். அன்று வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

வேலை தொடங்கி ஒரு மாதம் கழித்து, வெளிநாட்டு நூலகம் ஒன்றின் இணையத் தொகுப்பில் அந்தப் படம் கிடைத்தது. ஒரு வலது கை. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை, சட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்டார்கள். கோடு கோடாக அளவு குறித்த ஒரு மரப்பலகையின் மேல் விரல்களை விரித்து வைத்திருந்தது. சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு சிறிய விரல். கீழே ஆங்கிலத்தில் நெசவாளி, ஆறு விரல், சேலம் ஜில்லா என்று மட்டும். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்த மனிதர்மேல் வந்த இரக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சந்தோஷம். மூன்றாவது அறைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

கண்ணாடிப் பெட்டிகளைச் செய்ய வந்தவர் வெண்ணந்தூர்க்காரர். வயது ஐம்பதுக்குள் இருக்கும். பெரியவர்கள் தறி போட்ட குடும்பம், இவர் சின்ன வயதிலேயே தச்சு வேலைக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் மொபட்டில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அது கோயிலும் இல்லை, வீடும் இல்லை, தரையெல்லாம் மரத்தூள். "செருப்போட வாங்க தம்பி, ஆணி கிடக்குது" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டுங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வருவார்.

பெட்டிகள் நாலடி உயரம் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. அதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "நாலடி எதுக்குங்க? ஸ்கூல் கொழந்தைங்க வந்தா கண்ணாடியில அதுங்க மூஞ்சிதான் தெரியும். கல்லு தெரியாதுங்களே" என்றார். கோயம்புத்தூரிலிருந்து வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு நான் போன் போட்டேன். அவள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மூன்றடிக்குச் சம்மதித்தாள். அந்த ஒரு மாற்றத்துக்காகப் பிறகு எத்தனை ஆசிரியர்கள் என்னைப் பாராட்டினார்கள். அது தச்சர் சொன்னது என்று ஓரிருவரிடம் சொன்னேன், எல்லோரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தக் கையின் படத்தைப் பெரிய அளவில் அச்செடுத்து மேஜையில் விரித்து வைத்திருந்தேன். பெட்டியின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். மேஜையைத் தாண்டும்போது நின்றுவிட்டார்.

"இது ஆருங்க டீச்சரம்மா?"

"தெரியாது தம்பி. நம்ம பக்கத்து நெசவாளிதான். பேரு எழுதலை."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நெகத்தப் பாருங்க. பலகைய அமுத்திக்கிட்டு இருக்காரு. நெம்ப நேரம் அசையாம இருக்கச் சொல்லியிருப்பாங்களாட்ட இருக்குது" என்றார். அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். நகத்தைப் பார்த்ததில்லை.

பிறகு, கையைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு, வலது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுண்டுவிரலை ஒட்டி அதேபோல ஒரு சின்ன விரல்.

மூன்று வாரமாக அந்தக் கை நீட்டிய டீயை வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒருநாளும் கவனித்ததில்லை.

"எங்க ஊட்டு ஆளாட்டவே இருக்குதுங்க" என்று சிரித்தார். "எங்கப்பாருக்கு, தாத்தாவுக்குங்க, இப்படித்தான் இருந்துச்சு. அப்பனுக்கு இல்ல. எனக்கு வந்துருச்சு. ஆறுவெரல்காரன் ஊடுன்னுதான் ஊர்ல எங்களச் சொல்லுவாங்க."

அந்தப் படத்தில் இருப்பவர் இவருடைய முன்னோர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆறு விரல் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. மாணவி யாராவது அப்படி ஒரு முடிவுக்குத் தாவியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு நானே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு மூச்சுவாங்கச் சொன்னேன். அந்தப் பெண் துள்ளினாள். "மேடம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டலாம். அதே சைஸ், அதே மாதிரி பலகை. அன்றும் இன்றும். ஜனங்க அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டாங்க" என்றாள்.

தச்சரின் கையைப் படம் எடுக்கலாமா என்று அவரிடம் நானே கேட்டேன். "என் கையவா? எதுக்குங்க?" என்றார். அளக்கப்பட்ட ஜனங்கள் அழிந்துபோகவில்லை, நம்மோடு இருக்கிறார்கள், உழைக்கிறார்கள் என்று காட்டத்தான் என்று ஏதேதோ விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பலகையையும் அவரே செய்தார். பழைய படத்தைப் பார்த்து, வேப்பம்பலகை ஒன்றை இழைத்து, பென்சிலால் கோடு போட்டு, அளவு குறித்தார். மறுநாள் காலை வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் படம் எடுத்தேன். விரல்கள் பழைய படத்தில் உள்ளதுபோல அதே கோணத்தில் விரிய வேண்டும் என்பதற்காக அவர் மணிக்கட்டைப் பிடித்து நானே திருப்பி வைத்தேன். "அசையாதீங்க தம்பி" என்றேன். நாலைந்து முறை சொல்லியிருப்பேன்.

நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் சும்மா பேசிக்கொண்டிருந்தார். கையை அசைக்காமல் இருந்ததால் வாய் பேசியது.

"எம்புள்ளைக்கும் இருந்துச்சுங்க. மூணாம் மாசமே ஆஸ்பத்திரியில எடுத்துப்போட்டோம். பொட்டப்புள்ள, பள்ளிக்கூடத்துல ஆராச்சும் கிண்டல் பண்ணுவாங்கன்னு. அவளுக்குத் தெரியாதுங்க. கதவுல நசுங்குன தழும்புன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"இப்ப என்ன பண்றாங்க?"

"நாமக்கல்ல நர்சிங் படிக்கறா. ஹாஸ்டல்ல இருக்கறா." சொல்லும்போதே முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினார். "டீச்சரம்மா, இது எழுதறதுக்கு இல்லீங்களே?"

"சேச்சே, இல்ல தம்பி. சும்மா பேசிக்கிறதுதானே" என்றேன்.

இதை எழுதும்போது அந்த வார்த்தைகளை மாற்றி எழுதிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்றோ, நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றோ. அவர் கேட்டார். நான் வாக்குக் கொடுத்தேன்.

படத்துக்குக் கீழே வைக்கும் விளக்கப் பலகைக்கு நான் எழுதிக்கொடுத்தது பாதிதான் நிரம்பியது. இன்னும் நாலு வரி வேண்டும் என்று வடிவமைத்த பெண் கேட்டாள். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். உழைப்பு, தொடர்ச்சி, கண்ணியம் என்று எழுதியதெல்லாம் மேடைப் பேச்சுபோல இருந்தது. கடைசியில் எழுதினேன்: 'இந்தக் கைக்குரியவர் இன்றும் நம்மிடையே வாழும் ஒரு தச்சர். தாத்தாவிடமிருந்து இவருக்கு வந்தது இந்த விரல். இவருடைய மகளும் ஆறு விரலோடுதான் பிறந்தாள். மூன்றாம் மாதம் அதை நீக்கிவிட்டார்கள். இன்று அது அவளுக்கே தெரியாது.'

எழுதிவிட்டுச் சமாதானங்களையும் தேடிக்கொண்டேன். பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. தச்சர்கள் ஆயிரம் பேர், மகள்கள் ஆயிரம் பேர். நாமக்கல்லில் விடுதியில் இருக்கும் பெண் சேலத்துக்கு வந்து இந்தக் கிடங்கைத் தேடிப்பிடித்து மூன்றாவது அறையில் நிற்கப்போகிறாளா? வடிவமைத்த பெண்ணிடமிருந்து உடனே பதில் வந்தது. 'கடைசி வரி புல்லரிக்குது மேடம்.' அந்த ஒரு பாராட்டு என் வாயை அடைத்துவிட்டது. எடுத்துவிடலாமா என்று அதன்பிறகு ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை.

அச்சடித்த பலகைகள் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காக்கித்தாள் சுற்றி வந்தன. தச்சர்தான் எல்லாவற்றையும் மட்டம் பார்த்துச் சுவரில் மாட்டினார். தாளைப் பிரித்தால் கீறல் விழும், காலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். தன் மகளைப் பற்றிய வரிகளைத் தன் கையாலேயே, படிக்காமல், சுவரில் மாட்டிவிட்டு அவர் போனார். மறுநாள் ஆத்தூரில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டில் அலமாரி வேலை தொடங்க வேண்டும் என்று விழாவுக்கும் வரவில்லை.

திறப்பு விழா நன்றாக நடந்தது. பேசியவர்கள் எல்லாம் மூன்றாவது அறையைப் பற்றியே பேசினார்கள். வடிவமைத்த பெண் சொன்னது சரிதான், அந்த இரண்டு கைகளுக்கு முன்னால் வந்தவர்கள் நகரவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள் நானே போய், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டினேன்.

இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில் ஆறேழு பெண்கள் வந்தார்கள். கல்லூரி வயது. நான் முதல் அறையிலிருந்து தொடங்கினேன். அவர்களில் ஒருத்தி, ஒல்லியாக, எண்ணெய் வைத்து ஒற்றைப்பின்னல் போட்டவள், கல்லைப் பார்க்காமல் பெட்டிகளையே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூலைகளில் மரம் சேரும் இடத்தை விரலால் வருடினாள். எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறவள்போல இருந்தாள். நான் அதைப் பார்த்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்றாவது அறையில் வழக்கம்போலப் பழைய படத்தைப் பற்றிச் சொன்னேன். நகத்தைக் காட்டினேன். எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கச் சொல்லியிருப்பார்கள் என்று, அதை நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். அடுத்த படத்துக்கு வந்து, கீழே இருந்த வரிகளைச் சத்தமாக வாசித்தேன். வகுப்பில் வாசிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்தி. கடைசி வரிக்கு முன்னால் எப்போதும் ஒரு மூச்சு இடைவெளி விடுவேன். அன்றும் விட்டேன். "இன்று அது அவளுக்கே தெரியாது."

ஒற்றைப்பின்னல் போட்ட பெண் மெதுவாகச் சொன்னாள். "இது எங்கப்பா கைங்க."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி, "ஏய், உனக்கு அந்தத் தழும்பு..." என்று சொல்லி அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சட்டென்று வந்த ஆச்சரியத்தில். சுண்டுவிரல் அடியில் வெள்ளையாக, ஒரு நெல் அளவு தழும்பு. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். "என் கையையும் மாட்டியிருக்காங்க, போய்ப் பாருன்னு அப்பா சொன்னாருங்க. அதான் இவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை. ஏன் வந்தேன் என்று ஆசிரியரிடம் காரணம் சொல்லும் மாணவியின் குரல். பிறகு வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

திங்கட்கிழமை திறக்கும் நேரத்துக்கே தச்சர் வந்து வாசலில் நின்றிருந்தார். கையில் திருப்புளி. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "கழட்டிக்கலாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். பலகையையும் படத்தையும் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார். திருகாணிகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"எழுத வேண்டாம்னு சொன்னேனுங்களே டீச்சரம்மா."

என் பதிலை மறைக்காமல் எழுத வேண்டும். "பேரு போடலையே தம்பி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்களுக்குப் பாதிதானுங்க சொன்னேன். வெரலெடுத்த ரெண்டாம் மாசம் எஞ்சம்சாரத்துக்குக் காய்ச்சல் வந்துச்சு. இருவது நாளுதான். போயிருச்சுங்க. ஆறாவது வெரலு லட்சுமி, அதை வெட்டிப்போட்டதுலதான் அவ போனான்னு ஒரம்பரை, சொந்தக்காரங்க பூராச் சொன்னாங்க. எங்கக்காளும் சொல்லுச்சு. எம்புள்ள காதுல அது உழுந்துறக் கூடாதுன்னுதானுங்க இத்தன வருசமா மூடி வெச்சேன். கேட்டா, அம்மா செத்தது தன்னாலன்னு நெனைச்சுக்குமேன்னு."

"இப்ப?"

"அன்னைக்கு இங்கிருந்து நேரா வெண்ணந்தூர் போயிருக்குது, எங்கக்கா ஊட்டுக்கு. அக்காதானுங்க வளத்துச்சு. என்னோட வெரல ஏன் எடுத்தீங்கன்னு கேட்டிருக்குது. அக்கா எல்லாத்தையும் சொல்லிப்போட்டுச்சு." திருப்புளியைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். "நேர்ல போனாலும் எங்கிட்டப் பேச மாட்டீங்குதுங்க. போன எடுக்க மாட்டீங்குது."

டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார். படத்தை எடுத்துப் போங்கள் என்று சொன்னதற்கு, "என்னத்துக்குங்க" என்றார். அதுதான் அவர் அருங்காட்சியகத்துக்கு வந்த கடைசி நாள்.

மறுநாளே வெண்ணந்தூருக்குப் பேருந்தில் போனேன். விசாரித்து அக்கா வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தச்சர் சொன்ன 'ஆறுவிரல்காரன் வீடு' என்ற பட்டப்பெயரைச் சொன்னதும் கடைக்காரர் வழிகாட்டினார். உள்ளே விசைத்தறி ஓடும் சத்தம் தெருவரை கேட்டது. அக்கா அறுபது வயதுக்காரர். என்னை யாரென்று தெரிந்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். "வாயி நெம்ப நீளமுங்க எனக்கு. கேட்டவொடனே கொட்டிப்போட்டேன். புள்ள மூணு நாளாச் சோறு திங்கலீங்க" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் உள்ளறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் செய்தது தவறு என்றேன். உன் அப்பா எழுத வேண்டாம் என்று சொன்னார், நான்தான் மீறி எழுதினேன், அவர்மேல் கோபப்படாதே என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் கேக்கணுங்க. ஒரு பேஷண்டப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு எங்களுக்கு மொத வருசமே சொல்லித்தர்றாங்க. பேர் சொல்லாட்டியும் பேசக் கூடாதுன்னு. உங்களுக்கு அப்படி எதுவும் கிடையாதுங்களா?"

"இருக்கணும்மா" என்றேன். "எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்."

"எங்கம்மா காய்ச்சல்லதான் செத்தாங்க. என்ன காய்ச்சலா இருக்கும்னுகூட எனக்குப் புரியுது. வெரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு தெரியுது. படிக்கறேன்ல." தன் கையைப் பார்த்தாள். "தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டீங்குதுங்க. கண்ண மூடுனா அத்தை சொன்னதுதான் கேக்குது."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசும்மா."

"பேசுவேனுங்க. இப்ப இல்ல." பிறகு, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, "பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குதுங்க. விட்டா ஒரு மணி நேரமாகும்" என்றாள். நான் எழுந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில், பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். நல்ல நோக்கத்தோடு செய்ததுதானே, ஆண்டவர் மன்னிப்பார் என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல நோக்கமா என்பதில் எனக்கே நிச்சயம் இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போது நான் யாரைப் பற்றியும் நினைக்கவில்லை. வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பழைய படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். வடிவமைத்த பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. "மேடம், அந்த ஆள் செத்து எவ்வளவோ காலமாச்சு. ஒரு தப்புக்காக இன்னொண்ணையும் எடுத்தா மூணாவது ரூமே காலி" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டாவிட்டால் நடந்தது யாருக்கும் தெரியாமல் போகும். காட்டினால் அந்த மனிதர் மறுபடியும் பலகையில் கை வைத்து நிற்க வேண்டும். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்போது என்னால் அதன் முன்னால் நின்று பேச முடியவில்லை, அதனால் எடுக்கச் சொன்னேன். கண்காட்சி முடியும்வரை அந்தச் சுவரில் நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. வந்தவர்களில் சிலர், இங்கே இரண்டு கைகள் இருக்குமாமே, எங்கே என்று கேட்டார்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய படத்தைக் காட்டிக் கேட்டார்கள். வரிகளும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. சுவரிலிருந்து எடுத்ததை அங்கிருந்தெல்லாம் என்னால் எடுக்க முடியவில்லை.

அடுத்த வருடக் கண்காட்சிக்கும் என்னையே கேட்டார்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணத்தை அவர்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. விளக்கப் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்து, கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக் குப்பையில் போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, வீட்டில் புத்தக அலமாரி ஒன்று வேண்டியிருந்தது. தேவை உண்மைதான். ஆனாலும் வேறு ஆளைத் தேடாமல் அவருக்கே போன் செய்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க டீச்சரம்மா, நல்லா இருக்கறீங்களா?" அதே மரியாதை. அலமாரி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இப்ப வேலை தொடர்ச்சியா இருக்குதுங்க. ஆட்டையாம்பட்டில ஒருத்தர் இருக்கறாரு, சுத்தமாச் செய்வாரு. அவர அனுப்பி வெக்கறேனுங்க."

"சரி தம்பி." போனை வைக்க மனம் வரவில்லை. "பாப்பா எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. மாசம் ஒருக்கா ஊட்டுக்கு வருது. சமைக்குது, துணியெல்லாம் துவைச்சுப் போடுது, நல்லாத்தான் பேசுது." அங்கே எங்கோ ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. "முன்னெல்லாம் நச்சு நச்சுன்னு எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருக்குமுங்க. அம்மா எப்படி இருப்பாங்க, நான் சின்னதுல எப்படி இருந்தேன், அப்படீன்னு. இப்ப எதுவும் கேக்கறதில்லீங்க. நாஞ் சொன்னா நம்புமோ என்னமோ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "ஆளு நாளைக்கு வருவாருங்க, அளவெடுத்துக்குவாரு. வெச்சர்றேனுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.